5.0இல் எழ மறுக்கும் 8700கே: ஓவர்கிளாக் நாட்குறிப்பு

மார்ச் 4

ஓவர்கிளாக் என்றால் ப்ராசஸரை அதற்குக் குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது; இங்கே இலக்கு 5.0 கிகாஹெர்ட்ஸ். மேசையில் இருப்பவை: இன்டெல் கோர் ஐ7-8700கே ப்ராசஸர், இசட்370 போர்டு, 240 மிமீ லிக்விட் கூலர், 8 ஜிபி டிடிஆர்4-3600 ராம் இரண்டு. பயாஸில் கடைசியாகச் சேமித்தவை: மல்டிப்ளையர் 50 (100 மெகாஹெர்ட்ஸின் 50 மடங்கு), விகோர் (கோர்களுக்கான வோல்டேஜ்) 1.28 வோல்ட், லோடு-லைன் (சுமையில் வோல்டேஜ் சரிவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) ஆட்டோ, ரிங் (கோர்களையும் கேஷையும் இணைக்கும் பாதை) 47, எக்ஸ்எம்பி (ராமில் பதிந்திருக்கும் வேக, வோல்டேஜ் அமைப்பு) ஆன். எல்லாம் ஒரே சேமிப்பில்.

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள். சிபியு விளக்கு எரிந்து அணைகிறது. டிராம், அதாவது ராம், விளக்கு எரிந்து அப்படியே நிற்கிறது. சில நொடிகளில் மொத்தமும் அணைந்து, தானாகவே எழுந்து, மறுபடி அதே டிராம் விளக்கு.

"பூட் ஆகலையா, விகோரை ஏத்து" என்பதுதான் எங்கு கேட்டாலும் கிடைக்கும் பதில். இந்த இடத்தில் அது உதவாது. போஸ்ட் கட்டத்தில், அதாவது விண்டோஸுக்கு முன் பயாஸ் பாகங்களைச் சோதிக்கும்போது, ப்ராசஸருக்குப் பெரிய சுமை கிடையாது. விகோர் கொஞ்சம் பற்றாமல் இருந்தாலும் பெரும்பாலும் போஸ்ட்டைத் தாண்டிவிடும், விண்டோஸ் ஏறும்போதுதான் விழும். போஸ்ட்டுக்கே வராமல் டிராம் விளக்கில் நின்றால் முதலில் ராம், அடுத்து ப்ராசஸருக்குள் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர், பிறகு ரிங் என்று சந்தேகப்பட வேண்டும்.

பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் சிமாஸை அழித்தாயிற்று. பவர் சப்ளை சுவிட்சை அணைத்து, கேபிளை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். அதன் பிறகு சிமாஸ் ஜம்பரின் இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து நொடி சேர்த்துத் தொட வேண்டும். ஜம்பர் கைக்கு எட்டாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்தாலும் சரி. கேபிளை உருவாமல் பேட்டரியை மட்டும் கழற்றுவது வீண்வேலை: ஸ்டாண்ட்பை மின்சாரம் சிமாஸைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 5

டிஃபால்ட்டில் எழுந்துவிட்டது. சிமாஸ் அழித்தபின் முதல் முறை ஆன் செய்யும்போது ராம் பயிற்சி (ராமுக்குப் பொருந்தும் அளவுகளை போர்டு தேடிப் பிடிப்பது) புதிதாக நடக்கும். திரை ஒரு நிமிடம்கூடக் கருப்பாக இருக்கலாம், ஒருமுறை தானாக அணைந்தும் எழலாம். பொறுமையில்லாமல் பவரை வெட்டினால் பயிற்சி பாதியில் நின்று, நல்ல இயந்திரமும் கெட்டுப்போனது போலத் தோன்றும்.

சிமாஸ் அழிந்தால் ஓவர்கிளாக் மட்டும் போவதில்லை. பூட் வரிசை, சிஎஸ்எம் (பழைய முறை பூட்), ஃபேன் வேகம், சாட்டா மோடு (டிஸ்க் இணைப்பு முறை) எல்லாமே டிஃபால்ட்டுக்குத் திரும்பும். சாட்டா ரெய்டில் நிறுவிய விண்டோஸ், மோடு ஏஹெச்சிஐக்கு மாறியதும் ப்ளூ ஸ்க்ரீனில் நிற்கும். அதைப் பார்த்து ஓவர்கிளாக்கில்தான் ஏதோ செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பிட்லாக்கர் குறியாக்கம் போட்ட டிஸ்க் என்றால் மீட்புச் சாவி கேட்கக்கூடும். அது வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று ஜம்பரைத் தொடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஃபால்ட்டில், ராம் 2133இல், ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று, ப்ராசஸரைச் சோதிக்க சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம். இரண்டிலும் குறையில்லை. இங்கேயே விழுந்திருந்தால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு 8 பின் சிபியு பவர் இணைப்பு, ராம் உட்கார்ந்த விதம், சாக்கெட்டில் வளைந்த ஊசி என்று போக வேண்டியிருக்கும்.

மார்ச் 6

இன்று ராம் மட்டும். கோர், ரிங் இரண்டும் டிஃபால்ட்.

எக்ஸ்எம்பி போட்டு 3600: அதே டிராம் விளக்கு. ஆக, 5.0 கிகாஹெர்ட்ஸுக்கும் போஸ்ட் ஆகாததற்கும் சம்பந்தமே இல்லை.

எக்ஸ்எம்பியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் 3200க்கு இறக்கினால் எழுகிறது. பயாஸில், மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் 1.05 எனக் காட்டுகிறது. காரணம் அங்கேதான். 8700கேவின் மெமரி கன்ட்ரோலருக்கு இன்டெல் உறுதியளிப்பது டிடிஆர்4-2666 மட்டுமே. ராம் பெட்டியில் 3600 என்று அச்சிட்டிருப்பது ராமின் தகுதி, ப்ராசஸரின் தகுதி அல்ல. எக்ஸ்எம்பி ராமுக்கு 1.35 வோல்ட் கொடுத்துவிடுகிறது. கன்ட்ரோலருக்கு என்ன கொடுப்பது என்பது போர்டின் ஆட்டோவைப் பொறுத்தது. இந்த போர்டு ஏற்றவே இல்லை. எதிர்ப்புறம் போய் 1.35 வரை தள்ளும் போர்டுகளும் உண்டு, அது இன்னும் மோசம். சிஸ்டம் ஏஜென்ட், அதன் துணையான விசிசிஐஓ, இந்த இரண்டு வோல்டேஜையும் ஆட்டோவில் விடவே கூடாது.

சிஸ்டம் ஏஜென்ட் 1.20, விசிசிஐஓ 1.15, கமாண்ட் ரேட் (ராம் கட்டளைக்கு ஆகும் கடிகாரத் துடிப்பு) 2. 3600 முதல் முயற்சியிலேயே எழுந்தது. சிஸ்டம் ஏஜென்ட் 1.25க்கு மேல் கேட்டால் வேகத்தை 3466க்கு இறக்கிவிடுவதே என் வழி. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக கன்ட்ரோலரைத் தேய்க்க வேண்டியதில்லை.

இரவு முழுக்க மெம்டெஸ்ட்86, நான்கு சுற்று. ராம் சோதனையை யூஎஸ்பியிலிருந்துதான் ஓட்ட வேண்டும். பிழையுள்ள ராமோடு விண்டோஸை ஏற்றினால் கோப்புகள் சத்தமில்லாமல் கெடும். அப்புறம் எல்லா அமைப்பும் சரியாக இருந்தாலும் விண்டோஸ் எழாது.

மார்ச் 8

ராம் பழையபடி 2133. ரிங் 43இல் கட்டிவைத்தாயிற்று. மல்டிப்ளையர் பெருக்கும் அடிப்படைக் கடிகாரமான பிசிஎல்கே ஆட்டோவில் இல்லை, கையால் 100.00 மெகாஹெர்ட்ஸ்.

மல்டிப்ளையர் 48, விகோர் 1.28: விண்டோஸ் ஏறியது. வோல்டேஜும் வெப்பமும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துவிட்டு சினிபெஞ்ச் ஓட்டினால் விகோர் 1.28இலிருந்து 1.19க்குச் சரிகிறது. ஆட்டோ லோடு-லைனின் வேலை இது. சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்குவது இயல்பு: 100 ஆம்பியர் ஓடும் பாதையில் 1 மில்லி ஓம் இருந்தாலே 0.1 வோல்ட் போய்விடும். பயாஸில் எழுதிய எண் ப்ராசஸருக்குப் போய்ச் சேரும் எண் அல்ல. சுமையில் காட்டும் எண்ணை மட்டுமே குறித்துக்கொள்ள வேண்டும்.

50 போட்டால் போஸ்ட் ஆகிறது, விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்குகின்றன, பாதிச் சுற்றில் ப்ளூ ஸ்க்ரீன். குறியீடு 101, க்ளாக் வாட்ச்டாக். ஒரு கோர் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை என்று பொருள், விகோர் பற்றாததற்குப் பழக்கப்பட்ட அடையாளம். 124 வந்தாலும் முதலில் விகோரைத்தான் பார்ப்பேன். 1ஏ வந்தால் ராம் பக்கம் திரும்ப வேண்டும்.

லோடு-லைனை நடுத்தர நிலைக்கு மாற்றி விகோர் 1.30. சுமையில் 1.27 நிற்கிறது, விண்டோஸ் ஏறிவிட்டது. லோடு-லைன் நிலைகளுக்கு எல்லா போர்டிலும் ஒரே எண்முறை கிடையாது. சிலவற்றில் எண் ஏற ஏற வலு கூடும், சிலவற்றில் 1தான் உச்சம். உச்ச நிலையைத் தொடாமல் இருப்பது நல்லது. சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் எழுதிய எண்ணையும் தாண்டிக் குதிக்கும், சாஃப்ட்வேர் மீட்டரில் அது தெரியாது.

மார்ச் 9

சினிபெஞ்ச் தாண்டியதைக் கொண்டு நிலையானது என்று சொல்ல முடியாது. அதைவிடக் கடுமையான சுமைச் சோதனை பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி: மூன்றாவது வொர்க்கர் (கணக்கிடும் இழை) மட்டும் நின்றது. ரவுண்டிங் பிழை 0.5, அது 0.4க்குக் கீழே இருக்க வேண்டும் என்று செய்தி. மற்ற வொர்க்கர்கள் ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் டபிள்யூஹெச்இஏ (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) 19, திருத்தப்பட்ட பிழை. திரையில் எதுவும் தெரியாமல் ப்ராசஸர் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து வருவது 124.

விகோர் 1.32 என்றால் பிழை இல்லை, ஆனால் வெப்பம் 96 டிகிரி. 100இல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும். 8700கேவில் டைக்கும் (சிலிக்கான் சில்லு) மேலுள்ள உலோக மூடிக்கும் நடுவே இருப்பது சால்டர் அல்ல, பேஸ்ட். எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் அந்த இடத்தில் வெப்பம் தேங்கும். ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகள் ஓடும்போது மட்டும் மல்டிப்ளையரை இறக்கும் ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டை 2 என வைத்தேன்: ஏவிஎக்ஸ் வேலையில் 4.8, மற்றதில் 5.0. விகோரை 1.31க்கு இறக்க முடிந்தது, பிரைம்95இல் 86 டிகிரி, பிழை இல்லை.

மார்ச் 11

ராமும் கோரும் சேர்த்து. போஸ்ட், விண்டோஸ், சோதனை எல்லாம் சரி.

ரிங்கை 47க்கு ஏற்றினால் ப்ளூ ஸ்க்ரீன்கூட இல்லை. மவுஸ் உறைந்து, ஒலி ஒரே இடத்தில் இழுபட்டு நிற்கிறது. ரிங்குக்கும் கோருக்கும் ஒரே விகோர் என்பதால் ரிங்கை ஏற்ற ஏற கோருக்கான மிச்சம் சுருங்கும். 45இல் நிறுத்திவிட்டேன். கோரில் 100 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தால் அதை ரிங்கில் 200க்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 12

காலையில் குளிர்ந்த நிலையில் ஆன் செய்தால் டிராம் விளக்கு. மறுபடி ஆன் செய்தால் எழுகிறது. ரீஸ்டார்ட்டில் இந்தக் குறை தலைகாட்டவே இல்லை, ஏனென்றால் அப்போது ராம் சூடாக இருக்கிறது, பழைய பயிற்சி அளவுகளும் அதற்குப் பொருந்துகின்றன. பயாஸில் எம்ஆர்சி ஃபாஸ்ட் பூட் ஆன் என்றால் அந்தப் பழைய அளவுகளையே குளிர்ந்த ராமுக்கும் போடும். அதை ஆஃப் செய்து, டிராம் வோல்டேஜை 1.35இலிருந்து 1.37க்கு ஏற்றினேன். பூட் ஆகச் சில நொடிகள் கூடும்.

மார்ச் 14

இரண்டு நாளும் காலையில் கேபிளை உருவி, வடியவிட்டு, ஆன் செய்தாயிற்று. தடங்கலில்லாமல் எழுகிறது. ப்ரொஃபைலாகச் சேமித்து, யூஎஸ்பியிலும் ஒரு பிரதி. பயாஸ் அப்டேட் செய்தால் போர்டில் உள்ள ப்ரொஃபைல் அழியலாம், பழைய பதிப்பின் ப்ரொஃபைலைப் புதிய பயாஸ் ஏற்காமலும் போகலாம். அதனால் எண்களாகவும் இங்கே: மல்டிப்ளையர் 50, ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2, ரிங் 45, விகோர் 1.31, லோடு-லைன் நடுநிலை, சிஸ்டம் ஏஜென்ட் 1.20, விசிசிஐஓ 1.15, ராம் 3600, 1.37 வோல்ட், கமாண்ட் ரேட் 2, எம்ஆர்சி ஃபாஸ்ட் பூட் ஆஃப்.