அழித்த வரி

"லாக்மன் நல்லா ஃபர்ம்மா இருக்கு சார். கடைசி அஞ்சு டிகிரி நீட்ட வரல, அதுக்குத்தான் அனுப்பினேன். எப்படி பார்ஷியல் டியர்னு போட்டீங்க?" போனில் அறுவை மருத்துவரின் குரலில் கோபமே இல்லை. லாக்மன் என்பது முட்டியை இழுத்து, உள்ளிருக்கும் நார் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நான் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததோ பகுதிக் கிழிசல்.

ஆபரேஷன் ஆகி எத்தனை மாதம் என்று அப்போதுதான் கேட்டேன். எட்டு. சீட்டில் 'ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்', அதாவது முட்டிக்குள் இருக்கும் அந்த இணைப்பு நாருக்கு ஆபரேஷன் ஆனவர் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கேட்காமலே ரிப்போர்ட் எழுதியது நான்தான்.

அறுந்த நாருக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து வைக்கும் ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் முதல் சில மாதங்கள் எம்ஆர்ஐயில் கறுப்பாகவே தெரியும். பிறகு உள்ளே புது ரத்தக்குழாய்கள் ஏறும். ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து ஓராண்டு வரை சாம்பல் கூடும். மறுபடி கறுக்க ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகும். கிழிசலென்றால், நீர் வெளுப்பாகத் தெரியும் டி2 படத்தில் மூட்டு நீரளவு வெளுப்பு இழைகளைக் குறுக்கே வெட்டியிருக்க வேண்டும். நாலாக மடித்த கிராஃப்டில் இழைகளுக்கு நடுவே நீளவாக்கில் நீர் நிற்பதுகூடக் கிழிசல் ஆகாது. இங்கே நடுவில் இருந்தது வெறும் சாம்பல். வெளுப்பு, கிராஃப்டைப் பிடித்திருக்கும் டைட்டானியம் ஸ்க்ரூவை ஒட்டித்தான். டைட்டானியம் பக்கத்தில் வழக்கமான கொழுப்பு அடக்கும் முறை தோற்றுவிடும். அடங்காத கொழுப்பு நீர் போலவே மின்னும். உலோகம் அருகிலும் கொழுப்பை அடக்கும் ஸ்டிர் முறையில் எடுத்து, உலோகத்தால் வரும் சிதைவு குறைய பேண்ட்வித்தைக் கூட்டியிருந்தால் தெரிந்திருக்கும். வெளியே வரிசை நின்றது. அது ஒரு காரணமா?

ஆக, அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றது சரிதான். அதோடு இன்னொரு வரியையும் அழித்தேன்: 'கால் எலும்பு டனலின் வாய், ப்ளூமென்சாட் கோட்டைத் தொடுகிறது.' டனல் என்பது கிராஃப்டை நுழைக்க எலும்பில் போட்ட துளை. ப்ளூமென்சாட், தொடை எலும்புப் பள்ளத்தின் கூரையை ஒட்டி இழுக்கும் கோடு. நீட்டிய முட்டியில் டனல் முழுவதும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னே வந்தால் நீட்டும்போதெல்லாம் கூரை கிராஃப்டில் உரசும். உரசிய இடமும் சாம்பலாகும், கடைசி சில டிகிரியும் வராது. முன்பக்கம், நீட்ட விடாமல் தடுக்கும் தழும்புத் திசுவான சைக்ளாப்ஸ் கட்டி இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். இல்லை.

எம்ஆர்ஐயில் முட்டியைச் சுற்றி வைக்கும் காயிலில் முட்டி சற்று மடங்கியே கிடக்கும், அந்த நிலையில் கோட்டை நம்ப முடியாது என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த டனல் அந்த அறுவை மருத்துவர் போட்டது என்பதும் மனதில் இல்லாமலில்லை. திருத்திய ரிப்போர்ட்டுக்கு நன்றி சொன்னார்.

முட்டி மடங்கினால் அந்தக் கோடு முன்னே நகரும்; டனல் உள்ளதைவிடப் பத்திரமாகத்தான் தெரியும். மடங்கிய நிலையிலேயே தொட்டுக்கொண்டிருந்தது.