டூ வீலர் பிராக்டிகல், ரெண்டாவது தடவைல பாஸ்: எஃப்ஐ பில்டர் ஜாப் வந்தா இத மட்டும் மறக்காதீங்க

நேத்து ரிசல்ட் வந்துச்சு. பாஸ் ஆயிட்டேன். போன வருஷம் மத்ததெல்லாம் நல்லா போயும் பிராக்டிகல்ல மட்டும் போச்சு, சிபிடிக்கு (கம்ப்யூட்டர்ல எழுதுற எக்ஸாம்) 33 சதவீதம் போதும் பிராக்டிகலுக்கு 60 வேணும்னு உங்களுக்கே தெரியும், அந்த 60-க்கு கீழ நான் போனது ஒரே ஒரு ஜாப்னால, எஃப்ஐ வண்டில (கார்பரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீச்சுற வண்டி) பெட்ரோல் பில்டர் மாத்துற ஜாப். ஐடிஐல மெக்கானிக் டூ அண்ட் த்ரீ வீலர் ட்ரேட் எடுத்து இந்த வருஷம் பிராக்டிகல் போறவங்களுக்காக, எனக்கு எல்லாம் ஞாபகத்துல இருக்கும்போதே எழுதிடறேன்.

எங்க மாமா துறையூர் பக்கம் ஷெட் வச்சிருக்கார். எட்டாவது படிக்கிறப்ப இருந்தே லீவு விட்டா நான் அங்கதான் கெடப்பேன். கார்பரேட்டர் வண்டில பில்டர் மாத்துறதெல்லாம் கண்ண மூடிட்டு செய்வேன். பெட்ரோல் டேப்ப மூடணும், கிளிப்ப தள்ளணும், ஓஸ உருவணும், புதுச சொருகணும், அஞ்சு நிமிஷ வேலை. அந்த கைப்பழக்கம்தான் என்னைய கவுத்துச்சு. எக்ஸாம்ல எஃப்ஐ வண்டிய காட்டி "பில்டர் மாத்து"ன்னு சொன்னதும் சீட்ட கழட்டி, டேங்க் போல்ட்ட கழட்டி, டேங்க தூக்கி கட்டை கொடுத்துட்டு நேரா பைப்போட குயிக் கனெக்டர்ல கை வச்சேன். லாக்க அமுக்கி இழுத்ததும் சர்ருன்னு பெட்ரோல் பீச்சி அடிச்சுச்சு, முழங்கை வரைக்கும், கண்ணோரத்துல கூட கொஞ்சம் பட்டுருச்சு. எனக்கு முன்னாடி இருந்த பையன் அதே வண்டிய ஓடவிட்டு நிறுத்தி பத்து நிமிஷம்தான் ஆயிருக்கும், சைலன்சர் இன்னும் சூடா இருந்துச்சு. எக்ஸாமினர் திட்டவே இல்ல. "தள்ளி நில்லுப்பா, போயி கண்ண கழுவு"ன்னு சொல்லிட்டு பேப்பர்ல ஒரு கோடு போட்டார். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: பிரஷர எறக்காம பைப்ப தொடாதீங்க. மத்த எல்லா தப்புக்கும் மார்க்தான் குறையும், இதுக்கு உடம்பே போயிரும்.

கார்பரேட்டர்ல பெட்ரோல் தானா கீழ எறங்குது, அதுல அழுத்தம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. எஃப்ஐல டேங்குக்குள்ளயே மின்சார பம்ப் இருக்கு, அது சாதாரணமா 250-லருந்து 300 கிலோபாஸ்கல் வரைக்கும் தள்ளுது, சாதாரணமா டூ வீலர் டயர்ல அடிக்கிற காத்த விட ஜாஸ்தி. சாவிய ஆஃப் பண்ணாலும் பம்புல இருக்கிற செக் வால்வு அந்த பிரஷர பைப்புக்குள்ளயே புடிச்சு வச்சிருக்கும், அடுத்த தடவ டக்குனு ஸ்டார்ட் ஆகணும்ல அதுக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) வந்ததுக்கு அப்பறம் வந்த வண்டி பெரும்பாலும் எஃப்ஐதான், அதனால இந்த ஜாப் வராதுன்னு நினைக்காதீங்க.

எறக்குற முறை இதுதான்:

பம்புக்கு தனி பியூஸ் இருந்தா அத புடுங்கணும். நெறைய வண்டில பம்புக்கும் ஈசியுக்கும் (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) ஒரே பியூஸ்தான், அத புடுங்குனா வண்டியே ஸ்டார்ட் ஆகாது, அப்ப டேங்குக்கு கீழ இருக்கிற பம்ப் கப்ளர (பம்புக்கு கரண்ட் போற வயர் இணைப்பு) கழட்டுங்க.
அப்பறம் செல்ஃப் அடிச்சு ஓடவிடுங்க. பைப்புல மிச்சம் இருக்கறத எரிச்சுட்டு தானா நின்னுரும்.
நின்ன பிறகும் ரெண்டு மூணு செகண்ட் செல்ஃப் அடிங்க.
சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க.
இன்ஜின் ஆறட்டும். அவசரப்படாதீங்க, அந்த நேரத்துல கனெக்டர சுத்தி இருக்கிற மண்ண தொடைங்க.
கனெக்டர் மேல பனியன் வேஸ்ட்ட (தொடைக்கிற துணி) சுத்தி புடிச்சுகிட்டு, அப்பறம்தான் லாக்க அமுக்கணும். எவ்ளோ எறக்குனாலும் ரெண்டு சொட்டு வரும். கட்டிங் பிளேயர் போட்டு திருகாதீங்க, பிளாஸ்டிக் லாக் ஒடஞ்சா பைப்பே மாத்தணும்.

இந்த தடவ நான் ஒவ்வொண்ணயும் வாய்விட்டு சொல்லிகிட்டே செஞ்சேன். "சார் பம்ப் கப்ளர் கழட்டுறேன், பிரஷர் எறக்குறதுக்கு"ன்னு. நான் பரபரன்னு வேலை பாக்குற ஆளு, வாய் பேசுனாதான் கை மெதுவாகும். அமைதியா யோசிச்சு செய்யறவங்களுக்கு இது தேவைப்படுமான்னா தெரியல, ஆனா என்ன மாதிரி ஷெட்லருந்து வந்த பசங்க கண்டிப்பா செய்ங்க, கார்பரேட்டர் நல்லா தெரிஞ்சவனுக்குதான் இந்த ஜாப்ல ஆபத்து ஜாஸ்தி.

அடுத்தது டேபிள்ல வைக்கிற பொருள். எனக்கு ரெண்டு பில்டர் வச்சிருந்தாங்க. ஒண்ணு கடைல கம்மி விலைக்கு கிடைக்குமே உள்ள பேப்பர் தெரியற பிளாஸ்டிக் பில்டர், அது கார்பரேட்டருக்கு. பார்க்க புதுசா பளிச்சுனு இருக்கும், கை தானா அங்கதான் போகும். அத பிரஷர் லைன்ல போட்டா தாங்காது, இன்ஜின் மேல பெட்ரோல் கொட்டும். ஓஸும் அப்படித்தான், எஃப்ஐக்குன்னு உள்ள ஓஸ்தான் போடணும். வெளிய மாட்டுற பில்டரா இருந்தா மேல அம்புக்குறி இருக்கும், அது இன்ஜெக்டர் பக்கம் பார்க்கணும்.

எங்க வண்டில பில்டர் டேங்குக்குள்ள, பம்ப் மாட்யூல்லயே (பம்ப், பில்டர், மிதவை எல்லாம் சேர்ந்த ஒரே செட்) இருந்துச்சு. (சில கம்பெனி வண்டிக்கு பில்டர் மட்டும் தனியா தரமாட்டாங்க, முழு மாட்யூல்தான்.) பெட்ரோல வடிச்சுட்டு டேங்க துணி மேல கவுத்து வச்சு, பிளேட் போல்ட்ட எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க. மாட்யூல நேரா இழுக்காதீங்க, சாய்ச்சு சுத்தி எடுக்கணும், இல்லன்னா பெட்ரோல் அளவு காட்டுற மிதவையோட கம்பி வளைஞ்சுரும், அப்பறம் மீட்டர் தப்பாதான் காட்டும்.

பிளேட்டுக்கு அடில கசியாம இருக்க போடற ரப்பர் வளையம், ஓ ரிங், அத பத்தி கொஞ்சம் சொல்லணும். பழச திருப்பி போடவே கூடாது. நான் வீட்ல பழகும்போது வேணும்னே போட்டு பார்த்தேன், பெட்ரோல்ல ஊறி பெருசாகி பள்ளத்துல உக்காரவே இல்ல, ஒரு பக்கம் அமுக்குனா இன்னொரு பக்கம் எந்திரிச்சு வந்துச்சு. எங்க பேட்ச் பையன் ஒருத்தன் அத அப்படியே வச்சு போல்ட்ட முறுக்கிட்டான், பிளேட் ஓரத்துல கசிஞ்சு அவனுக்கும் மார்க் போச்சு. போல்ட்டும் சின்னது, மேனுவல்ல என்ன டார்க் (முறுக்குற அளவு) போட்டிருக்கோ அதுதான், எதிர் எதிரா ரெண்டு சுத்துல டைட் பண்ணுங்க.

வைவால (வாய்மொழி கேள்வி) என்ன கேட்டாங்கன்னா:

பில்டர் அடைச்சா என்ன ஆகும்? ஐடில்ல நல்லாத்தான் ஓடும், முறுக்குனா இழுக்காது, மேட்டுல திக்கும். பெட்ரோல் பத்தாம மிக்சர் லீன் ஆயிரும், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி.
ஈசியு கண்டுபிடிக்காதா? இந்த கேள்விக்குத்தான் நெறைய பேர் முழிக்கிறாங்க. சின்ன வண்டில பெட்ரோல் பிரஷர அளக்குற சென்சாரே பொதுவா கிடையாது. பிரஷர் சரியா இருக்குன்னு வச்சுகிட்டுதான் இன்ஜெக்டர எத்தன மில்லிசெகண்ட் தொறக்கணும்னு அது கணக்கு போடுது. சைலன்சர் பைப்புல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் ஓரளவுதான் ஈடுகட்டும். அதனால மீட்டர்ல இன்ஜின் லைட் எரியலன்னா பில்டர் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல.
எத்தனால் கலந்த பெட்ரோல்ல என்ன பிரச்சனை? எத்தனால் தண்ணிய இழுக்கும், நாள் கணக்கா நிறுத்தி வச்ச வண்டில டேங்க் துரு புடிக்கும், அந்த துரு பில்டர்லதான் வந்து சேரும்.
பெட்ரோல் தீய அணைக்க எது? டிசிபி (காஞ்ச ரசாயன பவுடர்) இல்லன்னா ஃபோம் (நுரை). தண்ணி ஊத்தக்கூடாது.

மாட்டும்போது கனெக்டர் "டிக்"னு சத்தம் கேக்கணும், கேட்டதோட விடாம ஒருதடவ இழுத்து பாருங்க. கப்ளர், பேட்டரி எல்லாம் போட்டுட்டு உடனே செல்ஃப் அடிக்காதீங்க. சாவிய மட்டும் ஆன் பண்ணுங்க, பம்ப் ரெண்டு மூணு செகண்ட் "ங்ங்"னு ஓடி நிக்கும். ஆஃப் பண்ணி திரும்ப ஆன். இப்படி மூணு நாலு தடவ, பைப்புல காத்து போயி பெட்ரோல் நிக்கும். அப்ப ஒரு நியூஸ்பேப்பர் துண்ட மடிச்சு பிளேட் ஓரம் பூரா, கனெக்டர் அடில ஒத்தி பாருங்க, கண்ணுக்கு தெரியாத கசிவு பேப்பர்ல தெரிஞ்சுரும். நான் ஒத்துன பேப்பர எக்ஸாமினர் கேட்டு வாங்கி வெளிச்சத்துல புடிச்சு பார்த்தார், காஞ்சு இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஓடும்போது லேசா முறுக்கி இன்னொருதடவ ஒத்தி காட்டுங்க, பெட்ரோல் ஊறுன வேஸ்ட்ட மூடி உள்ள டின்ல போட்டுட்டு, அப்பறம் "முடிஞ்சுது சார்"னு சொல்லுங்க.