யன்னல் சீட் சரி, எந்தப் பக்கம்?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் அங்கிருந்து சென்னைக்குப் பறக்கிற நம்மாட்கள் யன்னல் சீட்டுக்கு அடிபடுவார்கள். எந்தப் பக்க யன்னல் என்று கேட்பவர் குறைவு. போகும்போது இடப்பக்கம், அதாவது 'ஏ' சீட்டை எடுங்கள். முகில் இல்லாவிட்டால் மன்னார்த் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மேற்கே தெரியும். காலை விமானமென்றால் வெயிலும் மறுபக்கத்தில் இருக்கும், கண் கூசாது. திரும்பி வரும்போது வலப்பக்கம்.

இறக்கைக்கு நேரே மட்டும் இருக்க வேண்டாம். அதற்குப் பின்னாலும் எஞ்சினின் சூட்டுக் காற்றில் படம் கலங்கித் தெரியும். முன் வரிசைதான் நல்லம். போலரைஸ்டு (கண்கூச்சம் குறைக்கும்) வெயில் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், விமான யன்னலில் வானவில் கோடுகள் தெரியும்.

திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்துக்கு வரும் சின்ன செஸ்னா காரவன் விமானத்தில் இந்த இறக்கைப் பிரச்சினையே இல்லை. அதற்கு இறக்கை யன்னலுக்கு மேலே. உயரமும் குறைவு, குளங்களும் வயல்களும் பிரித்தறியத் தெரியும். கொழும்பிலிருந்து வரும்போது மலைநாடு வலப்பக்கம். கோணேசர் கோயில் பாறையும் துறைமுகமும் எந்தப் பக்கம் வரும் என்பது அன்றைய காற்றின் கையில்; ஓடுபாதையில் எந்தத் திசையிலிருந்து இறங்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். மார்கழியில் இங்கே முகில்தான் அதிகம், மே முதல் செப்டம்பர் வரை வருவது நல்லது.

அப்புறம், யன்னல் சீட்டை வாங்கி ஷட்டரை மூடிவிட்டுத் தூங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு பதிவு போடவேண்டும்.