பாத்திரம் எப்போது கழுவுவாள்?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். செட்டிநாட்டு நூலகங்களுக்குத் தனி வரும்படி ஒன்று உண்டு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பெரிய வீட்டைத் திறக்க வருபவர்கள், கழித்துப்போட்ட புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்புவார்கள். பழைய பஞ்சாங்கத்துக்கும் திருப்புகழுக்கும் நடுவே, சிங்கப்பூர்ப் பேத்திகள் படித்து முடித்த ஆங்கில இளையோர் நாவல்கள் கிடக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1970இல் எழுதிய மார்கரெட்டின் கதை அப்படித்தான் வந்தது. மார்கரெட்டுக்குப் பன்னிரண்டு வயதாகப்போகிறது. தோழிகளில் தனக்குத்தான் கடைசியாக மாதவிடாய் வருமோ என்று பயந்து, கடவுளிடம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். ப்ளூம் தம் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அந்நாவலின் மூன்று பிரதிகள் கொடுத்தாராம். மாதவிடாய்ப் பேச்சு இருக்கிறதென்று தலைமையாசிரியர் அலமாரியில் வைக்கவே விடவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பெற்றோர் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்களோ என்று நானும் அதை உடல்நல அடுக்கில், நீரிழிவுக்கும் மூலத்துக்கும் இடையே செருகிவைத்தேன்.

அங்கிருந்தும் ஒரு பெண் அதைக் கண்டெடுத்தாள். பிளஸ் ஒன் மாணவி. அவள் அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். அகராதியோடு மல்லுக்கட்டி, இரண்டு முறை தவணை நீட்டித்துப் படித்து முடித்தாள்.

"பிடித்திருக்கிறது அக்கா. ஆனால் இவள் பாத்திரம் எப்போது கழுவுவாள்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இவள் அம்மாவிடம் சொன்னாள், அதோடு கதை முடிந்துவிட்டது. எனக்குப் பந்தல் போட்டு, ஃபிளக்ஸ் வைத்து, ஊருக்கே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பஸ்ஸில் எப்படிப் போனேன் என்று யார் எழுதுவார்கள்?"

தமிழ் அடுக்கில் தேடினேன். சிங்கமும் முயலும் முடிகிற இடத்தில் மாமியார் மருமகள் கதை தொடங்கிவிடுகிறது. நடுவில் வரும் ஒன்றிரண்டு பெண்களும் திருடனைப் பிடிப்பார்கள், அல்லது மாநிலத்தில் முதலிடம் வாங்குவார்கள். குடிநீர் வரும் நேரத்துக்கு எழுவது, அப்பாவின் கைபேசிக்காகக் காத்திருப்பது, தம்பிக்குக் கிடைத்த சைக்கிளைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருப்பது: இவையெல்லாம் கதையாகும் என்று நம்மில் பலர் நினைப்பதே இல்லை. அண்மைக்காலமாக இளையோருக்கென்று மெல்லிய நாவல்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. வாங்கி வைத்தேன், ஒரு தட்டுகூட நிரம்பவில்லை.

அவள் அந்தப் பெட்டியிலிருந்த மற்ற ஆங்கிலக் கதைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப்போனாள். ஒருநாள், "இவர்களுக்குக் கோபம் வந்தால் உடனே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்" என்றாள். அவள் இருக்கும் வீட்டில் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், உரியவை, எல்லாம் பூட்டியவை. காவல்காரக் குடும்பம் மூன்று பேரும் படுப்பது பின்கட்டில், அடுப்பங்கரையை ஒட்டி.

ஒருமுறை சினிமாப் படப்பிடிப்புக்கு அந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். ஓர் அறையைத் திறந்து, கதாநாயகியின் அறையாக்கினார்கள். கட்டில், திரைச்சீலை, படிக்கும் மேசை, மேலே ஒரு விளக்கு. சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாதபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேசைக்கு முன் உட்கார்ந்தாளாம்.

"இழுப்பறையைத் திறந்து பார்த்தேன் அக்கா. வரவில்லை. வெறும் பலகையில் கைப்பிடி மட்டும் அடித்திருந்தார்கள்."