டோனி கிரெகரி எழுதி வாங்கிய ஒப்பந்தம்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினின் வடக்கு உள்நகரில், நகராட்சி வீடு கோருவோருக்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஆலோசனை மையம் ஒன்றில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். அப்பகுதியின் முதியவர்களுடன் பேசினால், பேச்சு எப்படியும் டோனி கிரெகரியிடம் வந்துவிடும். 1947இல் பிறந்து, ஆசிரியராக இருந்து, 1979இல் டப்ளின் நகர மன்றத்துக்கும் 1982 பிப்ரவரியில் சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்கும் தேர்வான அவர், 2009 ஜனவரியில் மறையும்வரை டப்ளின் மத்தியத் தொகுதியின் உறுப்பினராக நீடித்தார்.

அந்த 1982 தேர்தலில் 166 இடங்களில் ஃபியானா ஃபாயில் கட்சிக்குக் கிடைத்தவை 81. பெரும்பான்மை இல்லாததால் அதன் தலைவர் சார்லஸ் ஹாகி, புதிதாக வந்த இந்தச் சுயேச்சையின் ஆதரவை நாடினார். கிரெகரி அமைச்சர் பதவி கேட்கவில்லை; உள்நகருக்கு வேலைவாய்ப்பு, புதிய வீடுகள், துறைமுகப் பகுதியில் 27 ஏக்கர் நிலத்தை அரசுடைமையாக்குதல் என்று தம் மக்களின் தேவைகளை வரிசையாக எழுதி, அதில் ஹாகியின் கையொப்பத்தை வாங்கினார். தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் முல்லன் சாட்சியாகக் கையொப்பமிட்டார். மார்ச் 9 அன்று கிரெகரி அந்த ஒப்பந்தத்தை அவையிலேயே படித்து, பதிவில் ஏற்றினார்.

தனியொரு உறுப்பினர் நாட்டின் கருவூலத்தோடு பேரம் பேசலாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பெரிய கட்சிகளின் பேரங்கள் மூடிய அறைகளில் முடிந்துவிடும் நிலையில், இவருடையதை ஊரே வரிக்கு வரி படிக்க முடிந்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். என் பணியில் இதன் அருமை நன்றாகப் புரிந்தது: தொலைபேசியில் ஓர் அதிகாரி சொன்ன உறுதி, அவர் மாற்றலாகிப் போனதும் காற்றோடு போய்விடும், கடிதமாக வந்தால், அடுத்தவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் எந்த வாக்குறுதியையும் எழுத்தில் கேட்டுப் பெறும்படி எங்களிடம் வந்தவர்களை வற்புறுத்தி வந்தேன்.

எழுத்தும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஹாகியின் அரசு கவிழ்ந்தது; ஒப்பந்தத்தின் பல அம்சங்கள் நிறைவேறாமல் நின்றன. துறைமுகத்தையொட்டிய கஸ்டம் ஹவுஸ் பகுதியில் பின்னாளில் பன்னாட்டு நிதிச் சேவை மையம் எழும்பியது. கிரெகரி தளரவில்லை. 1980களில் ஹெராயின் உள்நகர இளைஞர்களை அழித்தபோது பெற்றோரின் போராட்டங்களுக்குத் துணை நின்றார். கடத்தல்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். அதற்கான அமைப்பு 1996இல்தான் வந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு ஆதரவாகப் போராடிச் சிறைக்கும் சென்றார்.

ஒருவரே கவுன்சிலராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்க இப்போது சட்டம் இடம் தருவதில்லை. வேலைப்பளுவை நினைத்தால் இது சரிதான். ஆயினும், வார்டில் கேட்ட முறையீட்டை அப்படியே தேசிய அவைக்குக் கொண்டுசென்ற அவரது வழி அடைபட்டதில் எனக்கு வருத்தமே. அவருக்குப் பின் நடந்த இடைத்தேர்தலில், நெடுங்காலம் அவரோடு உழைத்த மொரீன் ஓசல்லிவன் சுயேச்சையாகவே வென்றார்.

அயர்லாந்தில் குடியுரிமை பெறாதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். எங்கள் மையத்துக்கு வந்த இந்தியச் செவிலியர் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை. வீட்டு விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்தே அவர்களிடம் கொடுத்து வந்தேன்.