நான் சத்தமாத்தான் பேசுறேன்

அப்பா மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கண்காணியாக, இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலையாட்களின் வருகைக் கணக்கெடுப்பில், அவர் ஆட்களின் பெயர்களை வாசித்தால் கடைசி லயத்து வீட்டில் படுத்திருப்பவருக்கும் கேட்கும் என்பார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு நாங்கள் சுங்கை சிப்பூட் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். 2017-இல் அவருக்குப் பார்கின்சன் என்று தெரிந்தது; மூளையைத் தாக்கி உடல் அசைவைக் குறைக்கும் நோய் அது. நடையும் கை நடுக்கமும் மாத்திரைக்கு ஓரளவு கேட்டன. குரல் மட்டும் மாத்திரைக்கு மசியவில்லை.

2021 வாக்கில் வீட்டில் தினமும் இதே சண்டைதான். "என்னன்னு சத்தமா சொல்லுங்களேன்" என்பார் அம்மா. "சத்தமாத்தான் பேசுறேன், உனக்குத்தான் காது போச்சு" என்பார் அப்பா. நானும் நம்பி, அம்மாவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். காதில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் நாங்கள், "அவருக்குப் பேசவே பிடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அண்ணன் ஒரு கடையில் விசாரித்துக் கருவி ஒன்று வாங்கி வந்தார். ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். டார்ச் லைட் மாதிரி இருக்கும், தொண்டையில் வைத்து அழுத்தினால் இரைச்சலோடு ஓர் இயந்திரக் குரல் வரும். குரல்வளையையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கான கருவி அது. அப்பாவுக்குக் குரல்வளை இருக்கிறது, குரல் நாண்களும் இருக்கின்றன. அவற்றைப் போதுமான விசையோடு இயக்கத்தான் முடியவில்லை. விற்றவர் என்ன நோய் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் கேட்டு, பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க ஈப்போ நகர மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண். அப்பாவை இரண்டு நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்து, அதைப் போட்டுக் காட்டினார். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது என் குரல் இல்ல" என்றார். இந்த நோயில் தன் குரலை அளக்கும் உணர்வே பிசகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குறையும்போது உடல் அசைவுகள் சின்னதாகிப்போகின்றன. கையெழுத்து பொடியாவதும், அடி குறுகுவதும், குரல் தாழ்வதும் ஒரே காரணத்தால்தான். ஆனால் பேசுபவருக்கு எப்போதும் பேசும் அளவில்தான் பேசுகிறோம் என்றே தோன்றும். சரியான அளவுக்கு உயர்த்தினாலோ, கத்துவது போல் கூச்சமாக இருக்கும். அப்பா பொய் சொல்லவில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை. அன்று காரில் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

இதற்கென்றே எல்.எஸ்.வி.டி லவுட் என்ற குரல் பயிற்சி இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் தொடங்கியது. லீ சில்வர்மன் என்ற பார்கின்சன் நோயாளியின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டது. வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 அமர்வுகள். எங்களால் அத்தனை முறை ஈப்போவுக்குப் போய்வர முடியாது. அதனால் அந்த முறையை ஒட்டிச் சில பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தோம். மூச்சை நன்றாக இழுத்து நீளமாக "ஆ" சொல்ல வேண்டும். அப்புறம் தினமும் பேசும் பத்து வாக்கியங்களை உரக்கச் சொல்ல வேண்டும். கற்றுத்தரும்போது "குவாட் லாகி, அங்கிள்" (இன்னும் சத்தமாக) என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல, அப்பா பணிவாகத் தலையாட்டுவார், குரல் ஏறாது. நான்தான் கடைசியில், "அப்பா, பெரட்டுல பேர் கூப்பிடுங்க" என்றேன். பழைய பெயர்கள் வரிசையாக வந்தன. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பத்து வாக்கியங்களில் ஏழு இப்போது அந்தப் பெயர்கள்தான்.

குரல் கொஞ்சம் ஏறிய பிறகுதான் கருவி பற்றிப் பேசினோம். ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கியையே பயிற்சியாளர் பரிந்துரைத்தார். தலையில் மாட்டும் மைக், கையடக்கமான ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் வெள்ளி. மைக்கை வாய்க்கு நேரே வைக்கக்கூடாது, மூச்சுக் காற்று இடிக்கும். உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வைத்தால் சரியாக இருக்கும். அப்பா கூன் போட்டு உட்காருவதால் மைக்கும் ஸ்பீக்கரும் நெருங்கி வீல் என்று கத்தும். ஸ்பீக்கரை நாற்காலிக்குப் பின்னால் மாட்டியதும் அது நின்றது. ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இது தாழ்ந்த குரலை உயர்த்தும், குழறலைத் தெளிவாக்காது. குழறினால் குழறலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

அப்பாவுக்குச் சோர்வு வந்தால் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடும். அதற்குத்தான் எழுத்துப் பலகை. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் விரலால் தொட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். தொடுவதற்காக வேகம் குறையும், கேட்பவருக்கும் சொல் பிடிபடும். மருத்துவமனையில் கொடுத்தது ஏ, பி, சி, டி பலகை. தமிழுக்கு 247 எழுத்து, நடுங்கும் கைக்கு எப்படிப் போடுவது என்று மலைத்தேன். அப்புறம் பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது: எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. உயிரில் 'ஔ' எழுத்தை விட்டு 11, மெய் வரிசையில் அதிகம் வராத ஞ, ங இரண்டையும் விட்டு க, ச, த, ந, ப, ம, ய, வ என்று 8. எங்கள் பேச்சில் டீ, ரொட்டி, லோரி, ஜாலான், ஹேண்ட்போன் எல்லாம் உண்டே, அதற்கு ட, ர, ல, ஜ, ஹ. 24 கட்டம். அட்டையில் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டோம்.

தட்டினால் பேசும் கைப்பேசிச் செயலியையும் பார்த்தோம். தமிழ்க் குரல் இருக்கிறது, ஆனால் விசைப்பலகை அவர் விரலுக்குப் பொடிசு. தொடுதலைத் தாமதமாக ஏற்கும்படி அமைப்பை மாற்றிய பிறகும் ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதனால் குரல் நன்றாக இருக்கும் நேரத்தில் அவரையே சில வரிகளைப் பேசவைத்துப் பதிவு செய்துவைத்திருக்கிறோம். "தண்ணி வேணும்", "திரும்பிப் படுக்க வையுங்க", பேத்தியின் பெயர். பின்னாளில் பொத்தானைத் தொட்டால் அவர் குரலே வரும். குரல் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு அட்டைக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். அதில் பேச்சுக் குறைபாட்டுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் கையெழுத்திட்ட படிவம், அடையாள அட்டை நகல், புகைப்படம் ஆகியவற்றை மாவட்ட நலத்துறை அலுவலகத்தில் கொடுத்தோம். வருமானம் குறைந்தவர்கள் துணைக் கருவிக்கும் அங்கேயே உதவி கேட்கலாம்.

மாலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அப்பா டீக்கடைக்குக் கிளம்புகிறார். இடுப்பில் ஸ்பீக்கர், சட்டைப் பையில் எழுத்து அட்டை. போன வாரம் மைக்கின் பஞ்சு எங்கேயோ விழுந்துவிட்டது. பழைய பெரட்டு ஆள் ஒருவர்தான் அதைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாராம்.