பழைய ஆர்கேட் மெஷின்: ஐந்து வோல்ட்டில் போன மூன்று வாரம்

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் மெஷின் அது. கேம் ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகாது, தானாக ரீசெட் ஆகிவிடும். பார்க்க வந்த மெக்கானிக் பின்கதவைத் திறந்ததுமே "போர்டு போச்சு, வேற வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேமை ஓட்டும் அந்த சர்க்யூட் போர்டில் ஒரு குறையும் இல்லை. அது தெரியவே மூன்று வாரம் ஆனது.

பவர் சப்ளையில் மீட்டர் வைத்தால் 5.02 வோல்ட். அதை நம்பியதுதான் தப்பு. போர்டின் மேலேயே, 14 கால் உள்ள ஒரு 74 வரிசை ஐசியில் (சில்லு) கிரவுண்ட் காலான 7க்கும் ஐந்து வோல்ட் காலான 14க்கும் நடுவே வைத்துப் பார்த்தபோது 4.61தான் இருந்தது. அந்த ஐசிகளுக்குக் குறைந்தது 4.75 வேண்டும், 5.25ஐத் தாண்டவும் கூடாது. நடுவே காணாமல் போன வோல்ட்டேஜ் முழுவதும் எட்ஜ் கனெக்டரில், அதாவது போர்டின் விளிம்பில் செருகும் கனெக்டரில், கறுத்துப்போன பின்களில்தான் விழுந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் பலரும் சப்ளையில் இருக்கும் திருகைத் திருப்பி வோல்ட்டேஜை ஏற்றிவிடுவார்கள். செய்யாதீர்கள். பெரும்பாலான சப்ளைகளில் அதோடு சேர்ந்து 12 வோல்ட்டும் ஏறும், கருகிய பின் இன்னும் சூடாகும். போர்டின் விரல்களை, அதாவது கனெக்டருக்குள் போகும் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகளை, வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும். கனெக்டரில் பின் தளர்ந்திருந்தால் கனெக்டரையே மாற்றுங்கள். ஐந்து வோல்ட் வயர், கிரவுண்ட் வயர் எல்லாவற்றையும் சால்டர் செய்யுங்கள். ஒன்று போதும் என்று விடக்கூடாது. மாற்றியதும் போர்டில் 4.98. அன்றைக்கு நாலு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு ரீசெட் இல்லை.

கனெக்டரைத் திரும்பச் செருகும்போது இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. 1985ல் வந்த ஜாமா தரத்தில் (ஆர்கேட் போர்டுகளுக்கான பொதுவான வயரிங் முறை) பக்கத்துக்கு 28, மொத்தம் 56 பின். ஏழாவது இடத்தில் வழி தப்பாமல் இருக்க ஒரு சாவித் தடுப்பு இருக்க வேண்டும். பழைய மெஷின்களில் அது பாதி நேரம் உடைந்து போயிருக்கும். தலைமாற்றிச் செருகினால் ஆறாவது பின்னில் வரும் 12 வோல்ட் நேராக 23க்கு, அதாவது இரண்டாவது பட்டனின் வழிக்குப் போகும். பட்டனைப் படிக்கும் ஐசி அதைத் தாங்காது. சாவி இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். 1980ன் பேக்-மேன் போன்றவை ஜாமாவுக்கு முந்தியவை, பின் வரிசையே வேறு. பேக்-மேன் போர்டுக்குள் ஏசி மின்சாரமே (மாறுதிசை) போகிறது, அதனால் அங்கே விரல்கள் கருகுவது சகஜம்.

மானிட்டரில் என் நேரம் வீணானது வேறு விதத்தில். படத்தின் கீழ்ப்பகுதி மடிந்து தெரிந்தது. படத்தை மேலிருந்து கீழாக விரிக்கும் வெர்ட்டிகல் பகுதியில் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்ததற்கு வழக்கமான அடையாளம். கேபினட்டின் பெயரைச் சொல்லிக் மாற்று கெப்பாசிட்டர்கள் அடங்கிய கிட் வரவழைத்தேன். யாரோ எப்போதோ மானிட்டரை மாற்றியிருக்கிறார்கள். மதிப்புகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மானிட்டரின் சேஸி போர்டில் (அதன் சர்க்யூட் போர்டு) அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் கிட் கேட்க வேண்டும்.

மானிட்டரின் பிக்சர் டியூப்பில் கை வைப்பதற்கு முன் ஒன்று. 19 இன்ச் கலர் டியூப்பின் அனோடில் (ரப்பர் மூடிக்குக் கீழே உயர் வோல்ட்டேஜ் நுழையும் இடம்) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். தடித்த இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவரை டியூப்பின் பின்புறம் ஓடும் பின்னல் கம்பியோடு கிளிப் வயரால் இணைத்து, அனோடு மூடிக்கு அடியில் நுழைக்க வேண்டும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். சில நிமிஷம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், சார்ஜ் கொஞ்சம் திரும்பி வரும். முன்பின் செய்ததில்லை என்றால் பழைய டிவி வேலை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல சேஸிகள் வீட்டு மெயின் மின்சாரத்தோடு நேராகத் தொடர்புள்ளவை. கேபினட்டில் உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரைத் தவிர்த்து ஒருபோதும் இணைக்காதீர்கள்.

பழைய மெஷின் வாங்கப் போகும்போது டார்ச், அளக்கும் டேப், மல்டிமீட்டர் போதும். அணைந்த திரையில் டார்ச் அடித்தால் எரிந்து பதிந்த படம் தெரியும். கேபினட்டின் அடிப்பலகையை விரலால் அழுத்துங்கள். ஈரம் ஏறிய பார்ட்டிகிள் போர்டு உப்பி, உதிரும். அகலத்தை மட்டும் அளந்து, கன்ட்ரோல் பேனல் துருத்துவதை மறந்ததால் ஒரு வண்டி வாடகை தண்டமானது. அந்தப் பேனல் நாலைந்து போல்ட்டில் கழன்று வரும், கழற்றிவிட்டே ஏற்றுங்கள்.

கேப்காம் கேம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 என்ற ஆர்கேட் போர்டு கிடைத்தால் பேட்டரியை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். கேமைத் திறக்கும் சாவித் தகவல் அந்த 3.6 வோல்ட் பேட்டரியின் தயவில்தான் இருக்கிறது. அது தீர்ந்தால் போர்டு நன்றாக இருந்தும் கேம் வராது. விற்றவருக்குப் பேட்டரி இருப்பதே தெரியாது என்றால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்.